ரப்பரை மாற்றும் முன் கண்ணாடியைக் கழுவுங்கள்

“வைப்பர் கத்துதாண்ணே? ரப்பர் போச்சு. மாத்திருங்க.”

கம்பம் பள்ளத்தாக்கில் கோம்பையில் கேட்டாலும் உத்தமபாளையத்தில் கேட்டாலும் கம்பத்தில் கேட்டாலும் இதுதான் பதில். சொல்கிறவர் வண்டியைப் பார்த்திருக்க மாட்டார். சத்தம் போகும்போது வருகிறதா, திரும்பும்போது வருகிறதா என்று கேட்டிருக்க மாட்டார். கண்ணாடியில் விழுவது மெல்லிய ஒற்றைக் கோடா, அகலமாகப் பரவும் மங்கலா என்பதும் அவருக்குத் தெரியாது. வண்டி மாடலைக் கேட்பார், அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைப்பார். வாங்குகிறவரும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டு போவார். அடுத்த சாரலுக்குள் அதே சத்தம் திரும்ப வந்துவிடும். அப்போது பழி கம்பெனிமேல் விழும்: “டூப்ளிகேட் மாலைத் தள்ளிட்டான்.”

இந்தப் பதில் தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வைப்பர் கத்துவதற்கும் கோடு விழுவதற்கும் ரப்பர்தான் காரணம் என்பது விசாரணை இல்லாமல் வழங்கப்படும் தீர்ப்பு. நான் பக்கத்தில் நின்று பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு கண்ணாடியில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம். அதற்கடுத்து, பிளேடைத் தாங்கும் வைப்பர் ஆர்ம் லேசாக முறுக்கிக்கொண்டு நின்றது. ரப்பர் தானாகக் கெட்டுப்போனதை மூன்றாவதாகத்தான் வைப்பேன். மூன்றாவதாகப் பார்க்க வேண்டியதை முதலில் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடுவதுதான் நம் வட்டாரத்தில் நடக்கிறது.

இது சில நூறு ரூபாய் விவகாரம், இதற்கு இவ்வளவு வாதம் எதற்கு என்று கேட்பவர்கள் ஆனி, ஆடி மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் கம்பம் மெட்டு ஏறிப் பார்க்க வேண்டும். கோம்பைக்கு நேர் மேலே ராமக்கல்மெட்டு நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி மாவட்டம். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலை தாண்டி நமக்கு வருவது காற்று மட்டும்தான். தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர்போன கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். அந்த நான்காவது கணவாயின் வாயில் நாம் குடியிருக்கிறோம். ஆடிக்காற்று உழுத நிலத்தின் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து, நிறுத்தி வைத்திருக்கும் வண்டியின் கண்ணாடியில் அப்பிவிட்டுப் போகும்.

அந்தக் கண்ணாடியோடுதான் விடியும் முன்னே ஜீப்புகள் ஏலத்தோட்டத்துக்குக் கிளம்புகின்றன. உள்ளே சோற்றுத் தூக்கோடு நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்கள். கோம்பையில் ஒரு சொட்டு மழை இருக்காது. வளைவுகள் ஏறி மெட்டைத் தொட்டதும் சாரலும் மஞ்சும் சேர்ந்து கண்ணாடியில் அடிக்கும். டிரைவர் வைப்பரைப் போடுவார். அந்த முதல் வீச்சில் புழுதி சேறாகிக் கண்ணாடி முழுக்க இழுபடும். எதிரே கேரளாப் பக்கமிருந்து இறங்கும் லாரியின் விளக்கு அந்தச் சேற்றுக் கோடுகளில் பட்டுச் சிதறி, முன்னால் இருப்பது ஒன்றுமே தெரியாமல் ஒரு வெளிச்சச் சுவராக நிற்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். மலைச்சாலையில் 11 மீட்டர் என்பது வளைவின் பாதி.

ரப்பர் கட்சிக்காரர்களின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் சொல்வது: நம் ஊர் வெயிலில் ரப்பர் நிற்காது. மழைக்காலம் சில மாதம்தான். மீதிக் காலம் முழுக்க வைப்பர் சும்மா கிடந்து காய்கிறது. புற ஊதாக் கதிரும் சூடும் ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கின்றன. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே நல்லது. அத்தோடு, புது பிளேடு மாட்டினால் சத்தம் நின்றுவிடுகிறதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வெயில் பற்றிச் சொன்னது உண்மை. கடைசியில் வைத்த சாட்சிதான் பொய்ச்சாட்சி. புது பிளேடு சத்தத்தை நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொழிற்சாலையில் அந்த ரப்பரின் மேற்பரப்பை வேதிமுறையில் பதப்படுத்தி வழுவழுப்பாக்குகிறார்கள். பலவற்றில் கிராஃபைட் பொடியும் பூசியிருக்கும். அந்த வழுவழுப்பு இருக்கும்வரை அழுக்குக் கண்ணாடியின் மேலும் அது சத்தமில்லாமல் ஓடும். ஓட ஓடப் பூச்சு தேயும், கண்ணாடியின் எண்ணெய் விளிம்பில் ஏறும், பழைய சங்கீதம் ஆரம்பிக்கும். நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் கொஞ்ச நாள் அமுக்கி வைத்ததற்கு வைத்தியம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம்.

சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் இது விளங்கிவிடும். வைப்பர் ரப்பரின் அடியில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கிறது. கண்ணாடியைத் தொடுவது அது மட்டும்தான். அது விறைத்து நிற்பதில்லை. பின்பக்கம் சாய்ந்து இழுபட்டபடி வரும். ஆர்ம் வலப்பக்கம் போகும்போது நாக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். எல்லையைத் தொட்டுத் திரும்பும் கணத்தில் அது புரண்டு மறுபக்கம் சாய வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் இந்தப் புரளல் நடக்க வேண்டும். கண்ணாடிக்கும் நாக்குக்கும் நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருந்தால் நாக்கு அதன்மேல் மிதந்தபடி ஓடும். அந்தத் தண்ணீர் தொடர்ச்சி இல்லாமல் திட்டுத்திட்டாகப் பிரிந்து நின்றால், ஓரிடத்தில் வழுக்கும், அடுத்த இடத்தில் ஒட்டும். ஒட்டி, இழுபட்டு, விட்டு, மறுபடி ஒட்டும். வயலின் தந்திமேல் ரோசனம் பூசிய வில் செய்வதும் இதையேதான். வயலினில் அதை வேண்டுமென்று செய்கிறோம், இங்கே வேண்டாமல் நடக்கிறது.

தண்ணீரைத் திட்டுத்திட்டாகப் பிரிப்பது யார்? கண்ணாடிமேல் இருக்கும் எண்ணெய். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிப்பாகப் பரவி வழியும். எண்ணெய் படிந்த கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கும். ரப்பர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த முத்துகளை முழுசாக வழித்தெடுக்க முடியாது. நசுக்கித் தேய்த்துப் பொடித்துளிகளாக்கி விட்டுவிட்டுப் போகும். இரவில் எதிர் விளக்கு பட்டதும் கண்ணைக் கூச வைக்கும் அந்தப் புகை மங்கல் இந்தப் பொடித்துளிகள்தான். பட்டையாக மங்கல் விழுந்தால் ரப்பரைப் பார்க்கவே வேண்டாம். கண்ணாடியைப் பாருங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் கண்ணாடிக்கு எண்ணெயும் அழுக்கும் வரும் வழிகள் ஒன்றிரண்டல்ல. முன்னால் போகும் டீசல் வண்டியின் புகை ஒன்று. வாட்டர் சர்வீஸ் முடித்ததும் அடிப்பக்கம் கருகருவென்று மின்ன வேண்டும் என்று டீசலோ பழைய ஆயிலோ அடிப்பது நம் ஊர் வழக்கம். அடிக்கும் காற்றில் அதன் தூவல் வண்டி முழுக்கப் படிகிறது. டயருக்கும் டேஷ்போர்டுக்கும் போடும் பாலிஷில் சிலிக்கான் இருக்கிறது, அதே துணியால் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுகிறார்கள். நிழலுக்காக மாமரத்தடியில் நிறுத்தினால், பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி கழிக்கும் இனிப்புப் பிசின் சொட்டி மேலே ஒட்டும். திராட்சைப் பந்தல் ஓரமாக நிறுத்தினால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் போர்டோ கலவையின் தூவல் வெள்ளையாகப் படிந்து காயும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் இடத்தில் உச்சி வெயிலில் கழுவினால் அந்தத் தண்ணீரே வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் விட்டுவிட்டுப் போகும். இத்தனைக்கும் மேலே புழுதி. இந்த எல்லாவற்றையும் ஒரு மெல்லிய ரப்பர் விளிம்பு சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், சமாளிக்காதபோது அதைத் தூக்கி எறிகிறோம்.

கழுவிப் பார்த்துவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. எப்படிக் கழுவினார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வாளித் தண்ணீரும் வண்டி முழுக்கத் துடைத்த துணியும்தான். அந்தத் துணி கண்ணாடிக்கு எண்ணெயைக் கொண்டுவருமே தவிர எடுத்துப்போகாது.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. காலையில், கண்ணாடி சூடேறும் முன், நிழலில் நிறுத்திக்கொள்ள வேண்டும். முதலில் தண்ணீரை நிறைய ஊற்றி மணலை இறக்கிவிட வேண்டும். மணலோடு தேய்த்தால் கீறல் விழும். அந்தக் கீறல் பிறகு எதற்கும் போகாது. அடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தை மெல்லிய ஸ்பாஞ்சில் எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். இது மேல் எண்ணெயை எடுக்கும். அப்புறம் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, ஈரத் துணியில் தொட்டு, கையகலம் கையகலமாக வட்டமிட்டுத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியாக எடுத்துக்கொண்டால் உங்களுக்கே தெரியும்: சுத்தமாக இருக்கிறது என்று நினைத்த கண்ணாடியிலிருந்து துணி சாம்பல் நிறமாகிக்கொண்டே வரும். தேய்க்கும்போது கைக்கும் தெரியும். படலம் இருக்கும் இடத்தில் துணி வழுக்கிக்கொண்டு போகும், படலம் போன இடத்தில் துணி கண்ணாடியைப் பிடிக்கும். அலசிவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விரிப்பாக வழிந்தால் முடிந்தது. எங்காவது முத்து நின்றால் அந்த இடத்தில் மறுபடி. உப்புத் தடத்துக்கு மட்டும் சோடா போதாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு, சில நிமிடம் விட்டு, பெயின்டில் காயவிடாமல் கழுவிவிட வேண்டும்.

எல்லாரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. வைப்பர் நிற்கிற போது எந்த இடத்தில் படுத்திருக்கிறதோ அந்தக் கீழ் விளிம்புப் பட்டை. ஆர்மைத் தூக்காமல் கழுவுவதால் அங்கே சோப்பே படுவதில்லை. மேலிருந்து வழிந்த அழுக்கெல்லாம் அங்கே வந்துதான் தங்குகிறது. நடுக் கண்ணாடியை எவ்வளவு தேய்த்து எடுத்தாலும், அந்தப் பட்டையில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், கருப்பாக வரும். வைப்பர் முதல் வீச்சிலேயே அந்தப் பிசுக்கை அள்ளிக்கொண்டு போய்ச் சுத்தமான கண்ணாடி முழுக்கப் பூசிவிடும். கழுவியும் பலன் இல்லை என்பவர்களில் பலருக்குப் பிரச்சினை இந்த இரண்டு விரல்கடை அகலத்தில்தான் இருக்கிறது. ரப்பர் நாக்கையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் இரு விரலுக்கு நடுவில் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைக்க வேண்டும்.

கண்ணாடியின் உள்பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் கக்கும் ஆவி உள்பக்கம் படிந்து மெல்லிய மங்கலாகிறது. மழை இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால், வைப்பர் சரியாகத் துடைக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். வெளியே எத்தனை பிளேடு மாற்றினாலும் உள்ளே இருக்கிற மங்கல் எப்படிப் போகும்?

இனி கைவைத்தியக்காரர்கள். “மண்ணெண்ணெய் தொட்டுத் துடை, ரப்பர் மெத்துன்னு ஆயிடும்” என்பது ஜீப் ஸ்டாண்டில் கேட்கும் யோசனை. மெத்தென்று ஆவது உண்மைதான். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். ஊதின நாக்கு அலை அலையாக நெளியும், விளிம்பு நேராக நிற்காது. அன்றைக்குச் சத்தம் குறையும், அதற்குப் பிறகு அந்த ரப்பர் எதற்கும் உதவாது. தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் கண்ணாடிக்கு நேராக எண்ணெய் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். எமரித் தாளால் விளிம்பைத் தேய்ப்பது இவற்றையெல்லாம்விட மோசம். வைப்பர் ரப்பரை இரண்டு இரண்டாக ஒட்டிய நிலையில் வார்த்து, நடுவில் வெட்டித்தான் அந்தக் கூரான செங்கோண விளிம்பை எடுக்கிறார்கள். அந்த விளிம்பின் கூர்மைதான் தண்ணீரை வழிக்கிறது. எமரித் தாள் அதை மழுங்கடித்து, வழுவழுப்புக்காகச் செய்த பதத்தையும் சுரண்டி எடுத்துவிடும்.

புகையிலையை, வெங்காயத்தை, உருளைக்கிழங்கைக் கண்ணாடியில் தேய்க்கும் லாரிக்காரர்களின் வித்தையை நான் கேலி செய்யமாட்டேன். நடுவழியில் வைப்பர் மோட்டார் நின்றுபோய், ஒதுங்க இடமில்லாத மலைச்சாலையில் மழை பிடித்துக்கொண்டால் அது உயிர் காக்கும். தேய்த்த சாறு தண்ணீரை முத்தாக நிற்கவிடாமல் கொஞ்ச நேரம் பரவி வழிய வைக்கும். ஆனால் அது அந்த ஆபத்து நேரத்துக்கு உண்டான வித்தை. ஊர் வந்து சேர்ந்ததும் கழுவிவிட வேண்டும். தினப்படி வைத்தியமாக அதைச் செய்கிறவர்கள் ஒரு படலத்தின்மேல் இன்னொரு படலம் ஏற்றுகிறார்கள்.

கடையில் விற்கும் தண்ணீர் ஒட்டாத பூச்சுகளைப் பற்றியும் இதே கருத்துதான். புதிதாகப் பூசியபோது மழைநீர் உருண்டோடும், பார்க்க நன்றாகவே இருக்கும். வைப்பர் ஓடும் இடத்தில் அது திட்டுத்திட்டாகத் தேயும்போது, ஒட்டும் இடமும் ஒட்டாத இடமும் மாறி மாறி வந்து வைப்பர் நடுங்கத் தொடங்கும். தேய்ந்ததும் முழுக்க எடுத்துவிட்டு மறுபடி பூசும் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டுமே அது சரிப்படும்.

கண்ணாடி சுத்தமான பிறகும் சத்தம் வந்தால்? அப்போதும் கடைக்குப் போக வேண்டாம். காதைக் கொடுங்கள். சத்தம் ஒரு பக்கம் போகும்போது மட்டும் தடதடவென்று வந்து, திரும்பும்போது இல்லாமல் போனால், ஆர்ம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். இரண்டு பக்கமும் கீச்சிட்டால் மிச்சமிருக்கும் படலம், அல்லது தண்ணீர் போதாத கண்ணாடி. இரண்டு முனையிலும் திரும்பும்போது மட்டும் தட் தட் என்று அடித்தால், இறுகிப்போன நாக்கு புரள மாட்டாமல் புரள்கிறது. அல்லது மோட்டாரையும் ஆர்மையும் இணைக்கும் லிங்கேஜின் புஷ் தேய்ந்து ஆடுகிறது. ஆர்மைக் கையால் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். எப்போதும் ஒரே இடத்தில் மெல்லிய ஒற்றைக் கோடு விழுந்தால் நாக்கில் அந்த இடத்தில் மணல் ஒட்டியிருக்கிறது. துடைத்தும் போகவில்லை என்றால் அங்கே ஒரு வெட்டு. நடுவிலோ ஓரத்திலோ துடைக்கப்படாத பட்டை தொடர்ந்து நின்றால் அழுத்தம் சீராக விழவில்லை. இவ்வளவையும் அரை நிமிடத்தில் சொல்லிவிடும் சத்தத்தைக் கேட்காமல் பெட்டியைப் பிரிப்பதை நான் வேலைத்திறன் என்று ஏற்கமாட்டேன்.

ஆர்ம் விஷயத்தைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கண்ணாடியை நனைத்து வைப்பரை ஓடவிட்டு, அது கண்ணாடியின் நடுவில் வரும்போது சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். இறங்கி வந்து, ஆர்மின் முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள். ரப்பரின் உடம்பு கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும், நாக்கு மட்டும் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். திரும்பும் வீச்சிலும் இப்படி நிறுத்திப் பாருங்கள். அதே அளவு மறுபக்கம் சாய்ந்திருந்தால் ஆர்ம் சரி. ஒரு பக்கம் அழகாகச் சாய்ந்து, மறுபக்கம் புரளாமல் முட்டிக்கொண்டு நின்றால் சத்தத்தின் ஊற்று அதுதான். ஒவ்வொரு அங்குலத்துக்கும் நாக்கு முட்டித் துள்ளுகிறது.

இப்படி முறுக்குவது எதனால்? வண்டி கழுவும்போது அழுத்தித் தேய்த்திருப்பார்கள், தார்ப்பாய் மூடும்போது இழுபட்டிருக்கும், பழைய பிளேடு கழலாமல் மல்லுக்கட்டியிருப்பார்கள். சரிசெய்ய, பிளேடைக் கழற்றிவிட்டு, கண்ணாடிமேல் தடித்த துணி போட்டு, ஆர்மை இரண்டு இடத்தில் ஸ்பேனரால் பிடித்துக் கொஞ்சமாக, ரொம்பக் கொஞ்சமாக, எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். ஜீப்பிலும் பழைய கார்களிலும் இரும்புத் தகடு ஆர்ம் என்பதால் இது நடக்கும். வார்ப்பு ஆர்ம் உள்ள வண்டியில் பலம் காட்டினால் ஒடிந்துவிடும், அங்கே ஆர்மையே மாற்ற வேண்டியதுதான். புது பிளேடு மாட்டி இதைத் தீர்க்க முடியாது. கோணலான ஆர்ம் புது நாக்கையும் ஒரே பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துப் பழக்கிவிடும்.

அழுத்தம் அடுத்தது. அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண் 1903இல் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளேயிருந்து கையால் நெம்பும் கருவி அது. ரப்பரை வைத்ததோடு அவர் விட்டுவிடவில்லை; ஆர்ம் கண்ணாடியை விட்டு விலகாமல் இருக்க ஸ்பிரிங்கும் எதிர் எடையும் அதில் சேர்த்திருந்தார். ரப்பர் தனியாக எதையும் துடைக்காது, அதை ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று வைப்பர் பிறந்த அன்றைக்கே தெரிந்திருந்தது. 120 வருஷம் கழித்து நாம் ரப்பரை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். நம் புழுதி ஆர்மின் கீலில் புகுந்து இறுகி, ஸ்பிரிங்கின் அழுத்தம் முனைக்குப் போகாமல் தடுக்கிறது. மலைக்காற்று எதிர்த்து அடிக்கும்போது இப்படிப்பட்ட ஆர்ம் மேலே எழும்பி, வீச்சின் உச்சியில் தண்ணீரை விட்டுவிட்டு வரும். கீலைத் துடைத்து ஒரு சொட்டு ஆயில் விட்டாலே பல வண்டிகளில் இது சரியாகும். சந்தேகம் இருந்தால் கொக்கித் தராசை பிளேடு மாட்டும் இடத்தில் கோத்துக் கண்ணாடியிலிருந்து மெல்லத் தூக்கிப் பார்க்கலாம். ஒரு அடி நீள பிளேடுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ என்ற கணக்கில் இழுப்பு இருக்க வேண்டும். அதில் பாதிகூட இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும் என்ற நம்பிக்கைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். சுடும் கண்ணாடியில் ரப்பர் ஒட்டாமல் இருக்க, ஒரே பக்கம் படுத்து மடங்கிப்போகாமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள். காற்றில்லாத ஊரில் செய்துவிட்டுப் போகட்டும். கோம்பையில் ஆடி மாதம் செய்யக் கூடாது. தூக்கி நிறுத்திய ஆர்மைக் காற்று தள்ளினால், அந்த ஸ்பிரிங் அதைக் கண்ணாடிமேல் அறைந்து விழ வைக்கும். பிளேடு கழற்றிய ஆர்ம் என்றால் வெறும் இரும்பு முனை கண்ணாடியில் இறங்கும், கீறல் விட்டுவிடும். ரப்பரைக் காப்பாற்றக் கண்ணாடியைப் பலி கொடுப்பது என்ன கணக்கு? கண்ணாடிமேல் ஒரு துணியையோ அட்டையையோ போட்டு வைப்பருக்கு அடியில் சொருகிவிட்டால் வெயிலும் தடுக்கப்படும், புழுதியும் படியாது.

ரப்பரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாக்கில் வெட்டோ கிழிசலோ இருந்தால், விரலால் புரட்டும்போது மடங்காமல் விறைத்து நின்றால், மாற்றத்தான் வேண்டும். அப்போதும் சட்டம் வைத்த பழைய வகை பிளேடாக இருந்தால் ரப்பர் பட்டையை மட்டும் வாங்கிக் கோத்துக்கொள்ளலாம், முழு பிளேடு தேவையில்லை. தட்டைக் கண்ணாடி உள்ள ஜீப்புக்கு, வளைந்த கண்ணாடிக்காகச் செய்த சட்டமில்லாத பிளேடை அழகுக்காக மாட்டாதீர்கள். அழுத்தம் சீராக விழாது. இன்னொரு விஷயமும் உண்டு. பல வருஷம் டிப்பருக்குப் பின்னாலும் காற்றுக்கு எதிராகவும் ஓடிய கண்ணாடியில் மணல் கொத்திய புள்ளிகள் நிறைந்திருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும்போது உள்ளேயிருந்து பார்த்தால் பொடிப் புள்ளிகளாக மின்னும். அந்தக் கண்ணாடி எந்த ரப்பரையும் அரைத்துத் தின்றுவிடும். அங்கே மாற்ற வேண்டியது கண்ணாடி.

கண்ணாடி, வைப்பர் இரண்டைப் பற்றியும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்கிறது. அதற்கடுத்த 101ஆம் விதி, கண்ணாடி உள்ள வண்டிக்கு விசையால் இயங்கி நன்றாக வேலை செய்யும் வைப்பர் வேண்டும் என்கிறது. நன்றாக வேலை செய்வது என்றால் தண்ணீரை வழித்தெடுப்பது. வண்டிக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) எடுக்கும் நாளில் நான் பார்த்ததெல்லாம் வேறு. உச்சி வெயிலில் காய்ந்த கண்ணாடிமேல் சுவிட்சைப் போட்டார்கள், வைப்பர் இரண்டு தடவை கிரீச்சிட்டு ஆடியது, ‘ஓகே’ என்று அடுத்த வண்டிக்குப் போனார்கள். காய்ந்த புழுதிமேல் அப்படி ஓட்டியதால் அந்த ரப்பருக்கும் கண்ணாடிக்கும் அந்த இடத்திலேயே சேதம்.

அதற்குப் பதிலாக, ஒரு குடம் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றி, வைப்பரைப் போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் போதும். சோதனை செய்யும் அதிகாரி அதைக் கேட்க வேண்டும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் அதைக் கற்றுத்தர வேண்டும், தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளுக்கு வைகாசி முடிவதற்குள் முதலாளிமார் அதைச் செய்து பார்த்திருக்க வேண்டும். உதிரிபாகக் கடைக்காரர் தம் பங்குக்கு, பெட்டியை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்கட்டும்: “கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பாத்தீங்களாண்ணே?” இல்லை என்று பதில் வந்தால், கழுவிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடட்டும்.